நிற்பதற்கென்று ஒரு கார்

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது ‘பச்சை’ என்று சொன்னவன் நான். கண்ணில் கோளாறு இல்லை. மறதியும் இல்லை. வேடிக்கைக்காகச் சொன்னேன். பக்கத்தில் ஸ்டீயரிங் பிடித்திருந்தவர் என் வாயிலிருந்து வார்த்தை வந்தால்தான் வண்டியை நகர்த்துவார் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் சொன்னேன். நாற்பத்திரண்டு வயதில், வீட்டில் மனைவியும் ஒரு மகளும் இருக்க, இஸ்திரி போட்ட சட்டையோடு போய்ச் செய்த காரியம் இது. அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனங்களுக்கும் குறைவில்லை. நான் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில், டாக்டரின் மாமியார் என்று தெரியாமல் ஓர் அம்மாளின் பல்செட்டைப் பற்றி அவரிடமே ஜோக் அடித்திருக்கிறேன். ஆனால் அதிலெல்லாம் யாருடைய உயிரும் நடுரோட்டில் நிற்கவில்லை.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் என்னைப் பற்றி ஒரு பத்தி ஓடிவிட்டது. வழக்கம்தான்.

அப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எட்டு வீடுகள் கொண்ட ஓர் அப்பார்ட்மெண்டில் குடியிருந்தோம். நாங்கள் இரண்டாவது மாடி. அவர் எங்களுக்கு நேர் கீழே. ரயில் இன்ஜின் ஓட்டியவர். வயது முடிவதற்கு முன்னாலேயே வேலையை விட்டு வந்துவிட்டார் என்று தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தைரியம் தருகிற முகம் இல்லை அது. ஒல்லியாக, உயரமாக, எப்போதும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பவர் போல இருப்பார். அவர் மனைவி கெமிஸ்ட்ரி டீச்சர். அப்பார்ட்மெண்டில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. இவர் எல்லோருக்கும் ‘சார்’.

எங்கள் பார்க்கிங்கில் ஏழு ஸ்கூட்டர்கள், இரண்டு சின்னக் கார்கள், யாரும் உரிமை கொண்டாடாத ஒரு வாஷிங் மெஷின். இவற்றின் நடுவே சாருடைய கார். டர்போ வைத்த இன்ஜின், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, பின்னால் நாலு சைலன்சர் வாய். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் செடான். பெங்களூரில் ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்றதை இவர் வாங்கி வந்திருந்தார். குங்குமச் சிவப்பு. அவர் மட்டும் அதை ‘பழுப்பு வண்டி’ என்பார்.

“சிவப்புன்னு சொன்னா கண்ணு பட்டுடும்னு பயப்படுறாரு போல” என்றாள் என் மனைவி. நாங்கள் சிரித்தோம்.

அந்த வண்டியை அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். காவிரிப் பாலத்தில் ஷேர் ஆட்டோக்கள் அவரை முந்தும். டவுன் பஸ் முந்தும்போது கண்டக்டர் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, இத்தனை பெரிய வண்டிக்கு என்ன நோய் வந்தது என்பதுபோல் உதட்டைப் பிதுக்குவார். ஒரு தடவை வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று அவரை ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போனதைப் பஸ் ஜன்னலிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் காரை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் அவரோடு பழகவே ஆரம்பித்தேன். இதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தினமும் மாலை நாலு நாற்பதுக்கு வண்டி கிளம்பும். நாலு நாற்பது என்றால் நாலு நாற்பது. பாலம், சிந்தாமணி, கரூர் பைபாஸ், குடமுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, பிறகு அதே வழியில் திரும்பல். ஐந்து ஐம்பதுக்கு வீடு. கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன அட்டையில் இந்த நேரங்களை எழுதி ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை உடனே அணைக்கமாட்டார். ஒரு நிமிஷம் ஓடவிட்டு, வாட்ச்சைப் பார்த்து அணைப்பார்.

“டர்போ சூடா இருக்கும். சட்டுன்னு அணைச்சா எண்ணெய் அங்கேயே கருகிடும்.”

“நாற்பதுல போற வண்டிக்கு எங்க சார் சூடு?” என்று கேட்டேன்.

“விதின்னா விதிதான்.”

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பெரிய வேடிக்கை, சிக்னலில் நடப்பது. ரயில் இன்ஜினில் இரண்டு பேர் இருப்பார்களாம். ஒருவர் சிக்னலின் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது கையை நீட்டிக் காட்டவும் வேண்டும். சார் இதைக் காருக்குள்ளும் கொண்டுவந்திருந்தார். இடது பக்கம் உட்கார்ந்து டீச்சர், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் “சிவப்பு” என்பார். சார் கையை நீட்டி “சிவப்பு” என்பார். வண்டி நிற்கும். பிறகு “பச்சை.” “பச்சை.” அப்போதுதான் வண்டி நகரும். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும், அந்த இரண்டு வார்த்தைகள் பரிமாறப்படாமல் சக்கரம் உருளாது.

டீச்சருக்குக் காய்ச்சல் அடித்த ஒரு வாரம் கார் வெளியே வரவே இல்லை. அதுவும் விதி என்றே நினைத்தோம்.

பிறகு அவர்கள் மகளுக்கு ஓசூரில் பிரசவம். டீச்சர் மூன்று மாதம் அங்கே இருந்தாக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். நேராக என்னைப் பார்த்தார்.

“நான் வர்ற வரைக்கும் அந்த இடது சீட்டுல நீங்க உட்காரணும்.”

எனக்கு உள்ளே வெடி வெடித்தது. இன்றைக்கு இடது சீட், இன்னும் பதினைந்து நாளில் வலது சீட் என்று மனசு கணக்குப் போட்டது. “ஓ, தாராளமா டீச்சர்! மூணு மணிக்கெல்லாம் எனக்கு வேலை முடிஞ்சிடும்” என்றேன்.

“சிக்னலைப் பார்த்து சரியா சொல்லணும். ஒவ்வொண்ணும். சத்தமா.”

“அதெல்லாம் மைக் வச்சே சொல்லிடறேன் டீச்சர்.”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க எல்லாத்தையும் விளையாட்டா எடுத்துக்குற ஆளு. இதுல மட்டும் விளையாடாதீங்க.”

அவர் போனதும் என் மனைவி கேட்டாள். “அப்பார்ட்மெண்ட்ல எட்டு வீடு இருக்கு. அவங்களுக்கு வேற யாருமே கிடைக்கலையா?”

முதல் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தேன். அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் ஒழுங்காக இருக்கத்தான் தோன்றும். சீட் இரண்டு பக்கமும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். நாற்பதில் போகும்போதும் இன்ஜின் அடித்தொண்டையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சார் பேசவே மாட்டார். நான் பேசுவேன். நான் பேசுவதை அவர் கேட்கிறாரா என்று தெரியாது. ஆனால் “பச்சை” என்று சொன்னால் போதும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பேச்சுக்கு நடுவிலிருந்து பொறுக்கி எடுத்துத் திருப்பிச் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்ளிடம் கரையோரம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ரோட்டுக்கு என்னை அழைத்துப்போனார். ரோடு நேராக இருந்தது. எதிரே எதுவும் இல்லை. “பெல்ட் போட்டிருக்கீங்களா?” என்றார். அடுத்த நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அதற்கடுத்த நொடி, யோசித்துவிட்டு அடிக்கிற வாத்தியார் மாதிரி, வண்டி என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டது. எண்பது. நான் கத்தினேனா, சிரித்தேனா தெரியாது. அவர் பிரேக்கை மிதித்தார். என் கண்கள் கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தன.

அவர் இறங்கினார். பிரேக் மிதித்த இடத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதுவரை நடந்துபோய், அங்கிருந்து வண்டி வரைக்கும் எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்தார்.

“முப்பத்தேழு எட்டு” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அது.

“சார், இவ்வளவு வேகம் போற வண்டியை வச்சுக்கிட்டு...”

“எனக்கு இது ஓடுறதுக்கு இல்ல தம்பி. நிக்கிறதுக்கு.”

“நிக்கிறதுக்கா?” என்றேன்.

“ரயில் நிக்கணும்னா ஒரு கிலோமீட்டர் வேணும். ஆத்தோரமா ஒரு வளைவு. ஒருத்தர் தண்டவாளத்துல நடந்து போறாரு. ஹாரன் அடிக்கிறேன். திரும்பிப் பார்க்கிறாரு. என் மூஞ்சியைப் பார்க்கிறாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சேன். நிக்கல.” காரின் மூக்கில் கையை வைத்தார். “இது நிக்குது.”

 அந்த மாதிரி சமயங்களில் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. உடனே ஒரு ஜோக் வந்துவிடும். “அப்போ டர்போ எதுக்கு சார்?”

“வேகமா போற வண்டிக்குத்தான் நல்ல பிரேக் வைக்கிறாங்க. டர்போ அதுகூட வந்தது.”

“நாலு சக்கரமும் இழுக்குதே?”

“அதுவும் வந்தது.”

அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது ஆசைதான். “சார், நான் ஒரு தடவை...” என்று ஆரம்பித்தேன். “நீங்க இடது சீட்டு” என்று முடித்துவிட்டார். அந்தக் கோபம் எனக்குள் சின்னதாக உட்கார்ந்துகொண்டது. அந்த மனுஷருடைய விதிகளை ஒரு நாள் கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பையன்கள் நேராக நிற்கிற டிரில் மாஸ்டரைப் பார்த்தால் நினைப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு நாற்பத்திரண்டு வயது என்பதை மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

டீச்சர் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். சாயங்காலம் ஐந்து மணி. கரூர் பைபாஸில், தில்லைநகர் பக்கம் திரும்புகிற சந்திப்பு. மேற்கே பார்த்துப் போகிற ரோடு அது. சூரியன் சிக்னல் கம்பத்துக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்து “சிவப்பு” என்றேன். “சிவப்பு” என்றார். கோட்டுக்கு முன்னால் நின்றோம். எங்கள் வரிசையில் நாங்கள்தான் முதல். எங்களுக்குப் பின்னால் ஒரு தண்ணி லாரி.

இடது பக்கமிருந்து வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. பிறகு ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. ரோடு காலி. அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் பச்சை என்று சொன்னால் இவர் சிக்னலை நிமிர்ந்து பார்ப்பார், சிவப்பு எரிவதைப் பார்ப்பார், முகத்தில் முதல்முறையாக ஒரு திகைப்பு வரும், ‘என்ன தம்பி’ என்பார், நான் சிரிப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். பல் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கப் போகிறவர்களிடம் ‘ஒண்ணுமே இருக்காதுங்க’ என்று சொல்லிப் பழகிய முகம். கையை நீட்டினேன்.

“பச்சை.”

“பச்சை” என்றார். கையை நீட்டினார். வண்டி நகர்ந்தது.

அவர் பார்க்கவே இல்லை. இல்லை, பார்த்தார். கம்பத்தை நேராகத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டேதான் நகர்ந்தார்.  ‘சார்’ என்கிற ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லை. கோட்டைத் தாண்டி ஓர் ஆள் நீளம் போயிருப்போம். வண்டி நங்கூரம் போட்ட மாதிரி நின்றது.

அப்போதுதான் பஸ் வந்தது. உறையூர் போகிற டவுன் பஸ். இடது பக்கமிருந்து, சிக்னல் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்கிற வேகத்தில். எங்கள் மூக்குக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை விட்டுப் பார்த்திருக்கலாம். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் என்னைக் கடந்து போயின. அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர். ஒரு பெண், முன்னால் நின்றுகொண்டு ஒரு குழந்தை. அந்தப் பெண் பதறி ஒடித்து, ஸ்கூட்டர் ஆடி, காலை ஊன்றி, எப்படியோ நின்றுவிட்டார். குழந்தை அழவில்லை. அந்தப் பெண் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, காருக்குள் சாரைப் பார்த்துக் கத்தினார்.

“கண்ணு தெரியலையாய்யா உனக்கு?”

ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். சார் அந்த அம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“சிவப்பா தம்பி?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். பழுப்பு வண்டி, டீச்சருக்குக் காய்ச்சல் அடித்த வாரம், ‘இதுல மட்டும் விளையாடாதீங்க’ எல்லாம் என் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. 

“சிவப்பு சார்.”

“சிவப்பு” என்று திருப்பிச் சொன்னார். கையை நீட்டினார். நின்றோம். பிறகு நிஜமாகவே பச்சை வந்தது. நான் மூன்று தடவை பார்த்துவிட்டுச் சொன்னேன். அவர் சந்திப்பைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. வாட்ச்சைப் பார்த்தார். அந்த நேரத்திலும் ஒரு நிமிஷம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நிமிஷம் வந்ததில்லை. அணைத்தார்.

“கண்ணுல சிவப்பு, பச்சை போயி ஏழு வருஷம் ஆச்சு” என்றார். “வருஷா வருஷம் கண்ணு டெஸ்ட் வைப்பாங்க. ஒரு தடவை புள்ளி புள்ளியா ஒரு படத்தைக் காட்டி என்ன நம்பர்னு கேட்டாங்க. நம்பரே இல்லையேன்னு சொன்னேன். அதோட இன்ஜினை விட்டு இறக்கி ஆபீஸ்ல மேசைல உட்கார வச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் உட்கார்ந்தேன். முடியல, எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். மத்ததெல்லாம் தெரியும் தம்பி. மேல எரிஞ்சா சிவப்பு, கீழ எரிஞ்சா பச்சை. இடத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடுவேன். வெயில் எதிர்ல அடிச்சா எது எரியுதுன்னே தெரியாது. திரும்பி வரும்போது விளக்கு மேலேயே வெயில் விழும், அப்பவும் தெரியாது. அதுக்குத்தான் டீச்சர்.”

“சார், நீங்க ஓட்டக்கூடாது சார்.”

இதை நான் சொன்னேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சிவப்பைப் பச்சை என்று சொன்ன அதே வாய்.

“தெரியும்” என்றார். சாவியை எடுத்து என் மடியில் வைத்தார். இறங்கி, சுற்றி வந்து, என் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

இத்தனை நாளாக நான் கனவு கண்டது அது. அந்த வலது சீட்டில் உட்கார்ந்தபோது கிளட்ச் எது, பிரேக் எது என்று தேட வேண்டியிருந்தது. முதலில் வண்டி அணைந்தது. மறுபடி எடுத்தேன். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பயத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்துவிட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அது என்னை அறைந்தது. ஒரு கரும்பு ஜூஸ் வண்டியை நோக்கிப் பாய்ந்து, நானே வீறிட்டு, நானே பிரேக் போட்டேன். ஜூஸ்காரர் கரும்பைப் பிடித்த கையோடு உறைந்து நின்றார். சார் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார்.

அங்கிருந்து ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் நானே பார்த்து, நானே உரக்கச் சொன்னேன். இடது பக்கமிருந்து அவர் திருப்பிச் சொன்னார்.  நான் முப்பதைத் தாண்டவில்லை. காவிரிப் பாலத்தில் ஷேர் ஆட்டோக்கள் என்னை முந்தின. ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அப்போது அது நியாயமாகவே பட்டது. பார்க்கிங்கில் நிறுத்திச் சாவியைத் திருப்பப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆனதும் விட்டார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கும் வசனங்களை இரவெல்லாம் தயார் செய்திருந்தேன். அவர் ஒரு கோடு போட்ட தாளை நீட்டினார். ரயிலில் சிக்னலைத் தாண்டிவிட்டால், நடந்ததை ஓட்டியவரே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எழுதியிருந்தார். நேரம், இடம், வெயில் எந்தத் திசை, கோட்டைத் தாண்டிய தூரம். ‘உதவியாளர் பச்சை என்றார்.’ அவ்வளவுதான் என்னைப் பற்றி. கடைசி வரி: ‘தவறு: வண்டி ஓட்டியவருடையது. தன் கண்ணால் சரிபார்க்க முடியாதவர் வண்டியை எடுத்திருக்கக் கூடாது.’ கீழே கையெழுத்து.

“சார், நான் வேணும்னுதான் சொன்னேன். விளையாட்டுக்கு. அதை எழுதுங்க சார்.”

“டீச்சருக்கு போட்டோ எடுத்து அனுப்பியாச்சு” என்றார்.

பத்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. ஓசூர். எடுப்பதற்கு முன் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

“உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்” என்றார் டீச்சர். பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“டீச்சர், நான் விளையாட்டுக்குத்தான்...”

“அது எனக்குத் தெரியும். அவர் எழுதலைன்னா எனக்குத் தெரியாதா? உங்களைத் தெரியாதா?”  குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. “காரணத்தைச் சொல்லாம உங்களை அங்க உட்கார வச்சேன் பாருங்க, அது என் தப்பு. சொன்னா அப்பார்ட்மெண்டே சேர்ந்து அவர் கையிலேர்ந்து சாவியைப் பிடுங்கிடும்னு பயந்தேன். அந்த ஸ்கூட்டர்ல குழந்தை இருந்துச்சாமே?”

“ஆமாம் டீச்சர்.”

“ம்” என்றார். வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கார் வெளியே போகவில்லை. தினமும் நாலு நாற்பதுக்குக் கீழே காரின் உறையை உரிக்கிற சத்தம் கேட்கும். இன்ஜினைக் கிளப்புவார். நாலு சைலன்சர் வாயும் கொஞ்ச நேரம் முணுமுணுக்கும். பிறகு அணைப்பார். உறை போடுகிற சத்தம். பால்கனியில் காபி டம்ளரோடு நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். படியில் எதிரே வந்தால் “வாங்க தம்பி” என்பார், எப்போதும்போல. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அதை வைத்து ஒரு ஜோக் செய்து, எப்படியாவது தப்பித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் ‘ஒண்ணுமே இருக்காதுங்க’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. “வலிக்கும்ங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சொல்லி டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

டீச்சர் திரும்பி வந்தார். காரை விற்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்பார்ட்மெண்டே அப்படித்தான் நினைத்தது. மறுவாரம் காலை ஆறரை மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஐம்பத்தெட்டு வயதில் டீச்சர், புடவைக்கு மேல் ஒரு துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதில் ஏறினார். எல்போர்டு காரில் அவர் ராஜகோபுரத்தைச் சுற்றுவதைப் பூக்கடைக்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். லைசென்ஸ் வந்தது. அதற்குப் பிறகு பத்து ஞாயிற்றுக்கிழமைகள் கொள்ளிடக் கரை. சார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் இறங்கி எட்டு வைத்து எண்ணுவார். டீச்சர் வண்டிக்குள்ளிருந்து “எத்தனை?” என்பார்.

ஒரு நாள் மாலை நாலு முப்பத்தைந்துக்கு எங்கள் அழைப்பு மணி அடித்தது. டீச்சர், கையில் சாவி.

“வாங்க. பின் சீட்டு.”

“நானா?” என்றேன்.

“வேற யாரு? அந்தச் சந்திப்பு வழியாத்தான் போறோம்.”

நான் மனைவியைப் பார்த்தேன். “போங்க” என்றாள். “வாயை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க.”

டீச்சர் அறுபதில் ஓட்டினார். பாலத்தில் ஒரு ஷேர் ஆட்டோவை முந்தினார். ஆட்டோக்காரர் வாயைப் பிளந்தார். சார் இடது சீட்டில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் டீச்சர் சொன்னார், அவர் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார். அவர் திருப்பிச் சொல்வதால் இப்போது யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் அவர் சொல்லும்வரை டீச்சர் கிளட்ச்சை விடவில்லை.

சந்திப்பு வந்தது. அதே வெயில். சிவப்பு. அதே கோட்டுக்கு முன்னால் நின்றோம். இடது பக்கமிருந்து வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன.  கோட்டைத் தாண்டி ஓர் ஆள் நீளத்தில் இருந்த தாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அன்றைக்கு வண்டி நின்றதே, அது எப்படி என்று மாதக்கணக்கில் யோசித்திருந்தேன். பஸ் அப்போது கண்ணுக்கே தெரியவில்லை. ஹாரன் சத்தம் இல்லை. அவருக்கு விளக்கும் தெரியவில்லை. நான் எச்சரிக்கவும் இல்லை. காரின் பிரேக் நல்ல பிரேக்தான், ஆனால் அதை யாராவது மிதிக்க வேண்டுமே.

“சார்” என்றேன். “அன்னைக்கு நான் பச்சைன்னுதானே சொன்னேன். நீங்களும் திருப்பிச் சொல்லிட்டு எடுத்துட்டீங்க. அப்புறம் எதுக்கு சார் நிறுத்தினீங்க?”

டீச்சர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சார் திரும்பவில்லை.

“உங்க குரல்ல சிரிப்பு இருந்துச்சு.”